புகையைப் பேச வைத்த மேதை வால்தர் நெர்ன்ஸ்ட்

கால் மைல் தூரம் நேர்கோடாக ஒரு பாதை. அதன் ஒரு முனையில் இரண்டு மோட்டார் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டும் பாயவேண்டும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. 402 மீட்டரை முதலில் கடப்பவருக்கு வெற்றி. இதற்கு ‘டிராக் ரேஸ்’ என்று பெயர். அமெரிக்காவில் வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ம் வருஷம் இதற்கென்றே ஒரு தேசியச் சங்கத்தை ஏற்படுத்தினார்.

தேர்ந்த வண்டிகளுக்குப் பந்தயம் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். ஆனால் கொட்டகையில் மெக்கானிக்குகளின் வேலை அப்போதுதான் தொடங்கும். ஓட்டத்தின்போது எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலந்தன என்பதைக் காட்டும் கோட்டுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிவார்கள். அந்தக் கோட்டை நம்பினால் எஞ்சின் பிழைக்குமா, நம்பாவிட்டால் பிழைக்குமா என்பது அவர்களுடைய கவலை.

அந்தக் கோட்டை வரைவது கட்டை விரல் பருமனுள்ள ஒரு சிறு கருவி. புகைக் குழாயில் திருகி வைத்திருப்பார்கள். அதற்குள் வேலை செய்கிற விதி 1889-ம் வருஷம் வெளியாயிற்று. கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்று அப்போது மூன்று வருஷந்தான் ஆகியிருந்தது. விதியைக் கண்டவருக்கு வயது இருபத்தைந்து. அவர் பெயர் வால்தர் நெர்ன்ஸ்ட்.

ரசாயனம் படிக்கும் மாணவர்கள் எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரியும். தேர்வுக்கு மனப்பாடம் செய்த சமன்பாட்டின் தலையில் அது இருக்கும். அந்தச் சமன்பாட்டுக்குப் பின்னால் மோட்டார்ப் பித்துப் பிடித்த ஒரு மனிதர் இருந்தார் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

கவிஞராக விரும்பியவர்

நெர்ன்ஸ்ட் 1864-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி பிறந்தார். ஊர், மேற்குப் பிரஷ்யாவில் பிரீஸன். இன்று அது போலந்து நாட்டில் இருக்கிறது, பெயரும் மாறிவிட்டது. தகப்பனார் மாவட்ட நீதிபதி. பையனுக்கோ கவிஞனாகவேண்டும் என்று ஆசை. பள்ளிக்கூடத்தில் லத்தீன் இலக்கியத்தையும் நாடகத்தையும் ரசித்த அதே மனம், பௌதிகத்திலும் ரசாயனத்திலும் திரும்பியது. கவிதை ஆசை கைகூடவில்லை. நாடகப் பிரியம் மட்டும் கடைசி வரையில் போகவில்லை.

அந்தக் காலத்து ஜெர்மன் மாணவர்கள் ஒரே சர்வகலாசாலையில் அடைந்து கிடப்பதில்லை. நல்ல ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே போவார்கள். நெர்ன்ஸ்டும் ஜூரிச், பெர்லின், கிராஸ், வூர்ஸ்பர்க் என்று நாலு ஊர் சுற்றினார். கிராஸில் எட்டிங்ஸ்ஹௌஸனோடு சேர்ந்து, உஷ்ணமும் காந்தமும் மின்சாரமும் ஒன்றை ஒன்று பாதிக்கும் விதத்தை ஆராய்ந்தார். அந்த விளைவுக்கு இருவர் பெயரும் நிலைத்துவிட்டன. 1887-ல் வூர்ஸ்பர்க்கில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அதன் பிறகு லைப்ஸிக் நகரம். பௌதிக ரசாயனம் என்ற புதிய சாஸ்திரத்துக்கு வில்லெம் ஆஸ்ட்வால்ட் அங்கே கொடி நாட்டியிருந்தார். அவரிடம் நெர்ன்ஸ்ட் உதவியாளராகச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் தம் பெயரை அழியாததாக்கிய சமன்பாட்டைக் கொண்டு வந்தார்.

சமன்பாடு சொல்வது என்ன?

கணக்கு வேண்டாம், கருத்தை மட்டும் பார்ப்போம். இரண்டு தொட்டிகளில் தண்ணீர் வெவ்வேறு உயரத்தில் நின்றால், இடையே குழாய் போட்டதும் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்குத் தண்ணீர் ஓடப் பார்க்கும். அதைப்போல, ஒரு பொருள் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் நீர்த்தும் இருந்தால் அங்கும் ஓர் அழுத்தம் பிறக்கிறது. அந்தப் பொருள் மின்னேற்றம் பெற்ற அயனிகளாக இடையே நகரக் கூடுமானால், அந்த அழுத்தம் மின் அழுத்தமாக வெளிப்படும். வோல்ட் மீட்டரில் அளந்துவிடலாம். இரு பக்கத்து அடர்த்திகளுக்கும் உஷ்ண நிலைக்கும் அந்த வோல்ட்டுக்கும் உள்ள உறவைத்தான் நெர்ன்ஸ்ட் எழுதிக் காட்டினார்.

ஒரு நிபந்தனையும் அதில் உண்டு. இரு பக்கமும் அமைதியாக, சமநிலைக்கு வந்து நிற்கவேண்டும். கலங்கிய குட்டையில் முகம் பார்க்க முடியாதது போல, சமநிலை குலைந்த இடத்தில் இந்தச் சமன்பாட்டை நேராகப் போட்டுப் பார்க்க முடியாது. இந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பந்தயக் கொட்டகையில் தலையைச் சொறிகிறவர்களின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது.

பத்து லட்சம் மார்க் விளக்கு

1890-களில் நெர்ன்ஸ்ட் கெட்டிங்கன் சர்வகலாசாலைக்கு வந்தார். 1892-ல் எம்மா லோமையர் என்ற பெண்மணியை மணந்தார். இரண்டு ஆண், மூன்று பெண் என்று ஐந்து குழந்தைகள். 1893-ல் அவர் எழுதிய ரசாயன நூல் பல பதிப்புகள் கண்டு, ஒரு தலைமுறைக்கே பாடப் புத்தகமாக இருந்தது.

எடிசனின் மின்விளக்கில் அப்போது கரி இழைதான். ஒளி மங்கல், மின்சாரச் செலவு அதிகம். காற்று புகுந்தால் இழை எரிந்து போய்விடும் என்பதால் கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை இறைத்து எடுக்க வேண்டியிருந்தது. நெர்ன்ஸ்ட் வேறு வழி பார்த்தார். பீங்கான் ஜாதிப் பொருள்கள் குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை விடுவதில்லை. ஆனால் நன்றாகச் சூடேறினால்? ஸிர்க்கோனியா என்ற வெண்ணிறப் பொருளோடு கொஞ்சம் இட்ரியா சேர்த்து மெல்லிய குச்சியாக்கிச் சூடேற்றினார். மின்சாரம் பாய்ந்தது. குச்சி கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி வீசியது. அது ஏற்கெனவே பிராணவாயு சேர்ந்த பொருள். மேற்கொண்டு எரிந்து போக அதில் ஒன்றுமில்லை. ஆகவே காற்றை இறைக்க வேண்டியதும் இல்லை.

1897-ல் பிறந்த இந்த விளக்கின் உரிமையை ஜெர்மனியின் ஏ.இ.ஜி. கம்பெனி பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கிக்கொண்டது. 1900-ல் பாரிஸ் நகரத்துச் சர்வதேசக் கண்காட்சியில் அந்தக் கம்பெனியின் மண்டபம் நெர்ன்ஸ்ட் விளக்குகளால் ஜொலித்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் அவற்றைச் செய்ய ஒரு கம்பெனியே ஏற்பட்டது.

ஆனால் விளக்குக்கு ஒரு குறை. குச்சி முதலில் சூடேறினால்தான் மின்சாரத்தை விடும். அதற்கென்று பக்கத்தில் ஒரு சூடேற்றும் கம்பிச் சுருள் வைக்கவேண்டும். ஸ்விட்சைப் போட்டுவிட்டுச் சற்றுக் காத்திருக்கவேண்டும். பத்து வருஷம் கழிவதற்குள் டங்ஸ்டன் இழை விளக்கு வந்தது. ஸ்விட்சைத் தட்டியதும் எரிந்தது. நெர்ன்ஸ்ட் விளக்கு வீடுகளை விட்டு வெளியேறி, ஆராய்ச்சிச் சாலைகளில் அகச்சிவப்புக் கதிர்களை உண்டாக்கும் கருவியாக ஒதுங்கியது. கம்பெனிக்கு லாபமோ நஷ்டமோ, விஞ்ஞானிக்குக் கிடைத்த தொகை கிடைத்ததுதான்.

அந்தக் குச்சிக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றியும் நெர்ன்ஸ்ட் சிந்தித்தார். கம்பியில் ஓடுவது போல அல்ல; உப்புக் கரைசலில் அயனிகள் நகர்வது போல என்று கண்டார். திடமான பொருளுக்குள் பிராணவாயு அயனிகள் நடமாடுகின்றன! அன்றைக்கு அது ஒரு விளக்கின் விசித்திரம். பின்னால் அதுவே உலகம் சுற்றியது.

மோட்டார்ப் பித்து

பணம் கைக்கு வந்ததும் நெர்ன்ஸ்ட் மோட்டார் கார் வாங்கினார். கெட்டிங்கன் நகரம் கண்ட முதல் கார்களில் அவருடையதும் ஒன்று. அந்தக் காலத்து மோட்டாரை ஓட்டுகிறவன் பாதி மெக்கானிக்காகவும் இருக்கவேண்டும். பாதி வழியில் நின்று போகும். தள்ள ஆள் தேடவேண்டும். பேராசிரியருக்கு இதெல்லாம் தொல்லையாகவே தோன்றவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டுவதும், கலவையைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதும் அவருக்கு விளையாட்டு.

ஊருக்கு அருகே ஒரு மேடு. அதில் ஏறும்போது எஞ்சின் திணறும். நெர்ன்ஸ்ட் என்ன செய்தாராம் தெரியுமா? பல் வைத்தியர்கள் மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை ஒரு சிலிண்டரில் அடைத்து வண்டியில் வைத்துக்கொண்டார். மேடு வந்ததும் அதைத் திறந்து எஞ்சினுக்குள் விடுவார். சூட்டில் அந்த வாயு பிரிந்து பிராணவாயுவைக் கொடுக்கும். கூடுதல் பெட்ரோல் எரியும். கார் துள்ளிக்கொண்டு ஏறும். அவரோடு பழகியவர்கள் வாய்வழியாகச் சொல்லி, அவர் வரலாற்றை எழுதியவர்களும் குறித்து வைத்த சேதி இது. இன்றைக்கு டிராக் ரேஸில் ‘நைட்ரஸ்’ என்று சொல்லி இதே வாயுவைத்தான் எஞ்சினுக்குள் பாய்ச்சுகிறார்கள்.

விளையாட்டோடு நிற்கவில்லை. எஞ்சினுக்குள் எரியும் வாயுக்களைப் பற்றி முறையாகவும் ஆராய்ந்தார். கடும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரிக் ஆக்ஸைடு எவ்வளவு உண்டாகும் என்று அளந்து கணக்கிட்டார். நகரங்களின் காற்றைக் கெடுக்கும் மோட்டார்ப் புகையில் முக்கியமான நஞ்சு அதுதான் என்பதை உலகம் உணர இன்னும் அரை நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது.

உஷ்ணத்தின் கடைசிப் படி

1905-ல் பெர்லின் சர்வகலாசாலை அழைத்தது. குடும்பத்தை மோட்டாரிலேயே ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அதே வருஷக் கடைசியில் அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு வெளியாயிற்று. உஷ்ணத் தேற்றம் என்றும், உஷ்ண இயக்கவியலின் மூன்றாவது விதி என்றும் அதைச் சொல்லுகிறார்கள்.

குளிருக்கு ஒரு கடைசி எல்லை உண்டு. அது பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று அப்பால். அந்த எல்லையை நெருங்க நெருங்கப் பொருள்களின் நடத்தை எப்படி ஒடுங்குகிறது என்பதை நெர்ன்ஸ்ட் சொன்னார். அந்த எல்லையை யாராலும் தொடவே முடியாது என்பதையும் பின்னர் சேர்த்துக்கொண்டார். இதனால் என்ன பயன்? இரண்டு வாயுக்கள் கூடினால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதை, உஷ்ண அளவுகளைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிடும் வழி திறந்தது. தொழிற்சாலைக்காரர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

இந்தத் தேற்றத்தால் ஒரு சண்டையும் வந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் முயற்சியில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற விஞ்ஞானி ஈடுபட்டிருந்தார். அவர் அளந்த எண்கள் நெர்ன்ஸ்டின் கணக்கோடு ஒத்துப் போகவில்லை. 1907-ல் ஹாம்பர்க் மாநாட்டில், விஞ்ஞானிகள் நிறைந்த சபையில், ஹேபருடைய அளவு தவறு என்று நெர்ன்ஸ்ட் கூசாமல் சொல்லிவிட்டார். ஹேபர் மனம் நொந்து போனார். ஆனால் வீம்போடு திரும்பி, இன்னும் துல்லியமாக அளந்து, உயர்ந்த அழுத்தத்தில் வாயுக்களைக் கூட்டி, கடைசியில் வெற்றி பெற்றார். உலகத்துக்கு ரசாயன உரம் கிடைத்தது. கருவி காட்டும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளாத குணம் நெர்ன்ஸ்டுக்கு இருந்தது. அதை மென்மையாகச் சொல்லும் குணம் இருக்கவில்லை.

அதற்கு அவரும் விலை கொடுத்தார். இளமையில் உயிர் நண்பராக இருந்த ஸ்வீடன் தேசத்து அரீனியஸோடு மனஸ்தாபம் முற்றியது. நோபல் பரிசு விஷயத்தில் செல்வாக்குள்ளவர் அரீனியஸ். நெர்ன்ஸ்டுக்குப் பரிசு வெகுகாலம் தள்ளிப் போனதற்கு அவரே காரணம் என்று சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பிறர் திறமையை மதிப்பதில் மட்டும் நெர்ன்ஸ்டுக்கு ஈடில்லை. 1911-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலகப் பௌதிக மேதைகளைக் கூட்டிய முதல் ஸால்வே மாநாட்டுக்கு வித்திட்டவர் அவர். 1913-ல் மாக்ஸ் பிளாங்கோடு ஜூரிச்சுக்குப் போய், ஐன்ஸ்டீனைப் பெர்லினுக்கு வரும்படி அழைத்தவரும் அவரே.

போர்க்களத்தில் ஒரு டிரைவர்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. நெர்ன்ஸ்டுக்கு அப்போது ஐம்பது வயது. ஜெர்மனியின் செயலை ஆதரித்து அறிஞர்கள் 93 பேர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டார். சொந்தக் காரோடு ராணுவத்தில் தொண்டர் டிரைவராகச் சேர்ந்தார். பெல்ஜியத்தின் வழியாகப் பிரான்ஸுக்குள் பாய்ந்த படைகளுக்குச் சேதி சுமந்து ஓட்டினார். பின்னர் ராணுவத்துக்கு ரசாயன ஆயுத விஷயத்திலும் உதவினார். அவர் வாழ்க்கையில் பெருமைப்பட முடியாத பக்கம் இது.

போர் அவர் வீட்டையும் விடவில்லை. இரண்டு மகன்களும் போர்முனையில் மாண்டார்கள். சமன்பாடுகளால் எதையும் கணக்கிட்ட மனிதருக்கு, இந்தக் கணக்கை நேர் செய்ய வழியில்லாமல் போயிற்று.

1920-ம் வருஷத்துக்குரிய ரசாயன நோபல் பரிசு, உஷ்ண ரசாயன ஆராய்ச்சிக்காக அவரைத் தேடி வந்தது. 1922 முதல் 1924 வரையில் ஜெர்மனியின் அளவைகளுக்குக் காவலான பௌதிகத் தொழில்நுட்ப நிலையத்துக்குத் தலைவராக இருந்தார். நிர்வாகம் பிடிக்கவில்லை, சர்வகலாசாலைக்கே திரும்பினார். முதுமையிலும் கை சும்மா இருக்கவில்லை. தந்திகளின் ஒலியை ரேடியோ முறையில் பெருக்கும் ஒரு மின்சாரப் பியானோவைப் பெக்ஸ்டைன், ஸீமன்ஸ் கம்பெனிகளோடு சேர்ந்து உருவாக்கினார்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருஷம் நெர்ன்ஸ்ட் ஓய்வு பெற்றார். அவருடைய மூன்று பெண்களில் இருவர் யூதர்களை மணந்தவர்கள். அவர்கள் நாட்டை விட்டே போகவேண்டியதாயிற்று. அவர் பெர்லினுக்கு அழைத்து வந்த ஐன்ஸ்டீனும் போய்விட்டார். பையன்களைப் போர் தின்றது; பெண்களை அரசாங்கம் விரட்டியது. புதிய ஆட்சியோடு ஒட்டாமல், ஸிபெல்லே என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில் வேட்டையும் மீன் வளர்ப்புமாக நாளைக் கழித்தார். 1941-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி அங்கே உயிர் பிரிந்தது. வயது எழுபத்தேழு. இரண்டாவது உலகப் போர் உச்சத்தில் இருந்தபோதும், அகதியாக அமெரிக்காவில் வாழ்ந்த ஐன்ஸ்டீன் 1942-ல் அவரைப் பாராட்டி ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினார்.

புகைக் குழாயில் மறுபிறவி

நெர்ன்ஸ்ட் மறைந்து முப்பத்தைந்து வருஷம் கழித்து, அவருடைய விளக்குக் குச்சி மோட்டார் காருக்குள் மறுபிறவி எடுத்தது.

பெட்ரோல் மிச்சமின்றி எரிய, ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். காற்று மிகுந்தால் எரிந்த புகையில் பிராணவாயு மிஞ்சும். பெட்ரோல் மிகுந்தால் பிராணவாயு அநேகமாகத் தீர்ந்துபோகும். ஆகவே புகையில் பிராணவாயு எவ்வளவு என்று தெரிந்தால், கலவை எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம்.

இட்ரியா கலந்த ஸிர்க்கோனியாவைச் சிறு குப்பி போலச் செய்து, இரு புறமும் பிளாட்டினம் பூசினார்கள். ஒரு புறம் புகை, மறுபுறம் வெளிக்காற்று. சூடேறியதும் பிராணவாயு அயனிகள் நகரப் பார்க்கும். 1889-ன் சமன்பாடு சொன்னபடி மின் அழுத்தம் பிறக்கும். பெட்ரோல் மிகுந்த கலவைக்கு ஏறக்குறைய 0.9 வோல்ட், காற்று மிகுந்த கலவைக்கு ஏறக்குறைய 0.1 வோல்ட். விளக்குக் குச்சியைப் போலவே இதுவும் குளிர்ந்திருந்தால் வேலை செய்யாது. சுமார் 300 டிகிரிச் சூடு வேண்டும். பிற்காலக் கருவிகளில் அதற்கென்று ஒரு சூடேற்றியே வைத்தார்கள். பழைய குறையும் கூடவே மறுபிறவி எடுத்துவிட்டது!

பாஷ் கம்பெனி செய்த இந்தக் கருவியை 1976-ல் வால்வோ கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் பொருத்தியது. புகையிலுள்ள நஞ்சை அகற்றுவதே நோக்கம். அந்த நஞ்சுகளில் நெர்ன்ஸ்ட் அளந்த நைட்ரிக் ஆக்ஸைடும் ஒன்று. இன்று ‘ஆக்ஸிஜன் சென்சார்’ என்ற பெயரில் பெட்ரோல் கார்களில் எல்லாம் இது இருக்கிறது. 2020 ஏப்ரலில் புகை விதிகள் கடுமையான பிறகு நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களிலும் காணலாம்.

சறுக்கும் சக்கரம் சொல்லும் பொய்

இனிப் பந்தயக் கொட்டகைக்குப் போவோம். அங்கே உபயோகிப்பது கொஞ்சம் விரிவான கருவி. நெர்ன்ஸ்ட் அறையோடு பிராணவாயுவை இறைக்கும் இன்னோர் அறையும் சேர்ந்தது. கலவையின் அளவை எண்ணாகவே காட்டும். எஞ்சின் சீராக ஓடும்போது மிகவும் நம்பத்தக்கது. சக்கரம் சறுக்கும்போதுதான் வம்பு.

சேற்றில் சிக்கிய லாரியைப் பார்த்திருப்பீர்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், லாரி நகராது. பந்தயக் கார் பாயும் கணத்தில் டயர் தரையைப் பற்றாவிட்டால் இதே கதிதான். வண்டியைத் தள்ளும் பாரம் இல்லாததால் எஞ்சினின் சுழற்சி சட்டென்று எகிறுகிறது. நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு ஐம்பது தடவை வெடிக்கிறது. அந்தப் புகை குழாயில் நடந்து, கருவியைத் தொட்டு, கருவி விழித்துப் பதில் சொல்வதற்குள் எஞ்சின் வேறு வேகத்துக்குப் போய்விடுகிறது. 5,000 சுற்றில் பிறந்த புகையின் சேதி 6,000 சுற்று என்ற தலைப்பின் கீழே பதிவாகிவிடும். கடிதம் உண்மை, மேல்விலாசம் தவறு.

இரண்டாவது சங்கடம் இன்னும் பொல்லாதது. சறுக்கலை நிறுத்த, வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் சில வெடிப்புகளுக்குத் தீப்பொறி கொடுக்காமல் தடுக்கும். அப்போது பெட்ரோலும் எரியாது, காற்றும் எரியாது. இரண்டும் அப்படியே புகைக் குழாய்க்கு வரும். கருவிக்குத் தெரிந்தது பிராணவாயு ஒன்றுதான். அது ஏராளமாக வருவதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று கோடு போடும். உண்மையில் பெட்ரோல் வீணாக வெளியே போய்க்கொண்டிருக்கும்!

மூன்றாவது, ஓட்டுகிறவரின் கால். சறுக்கியதும் காலை எடுப்பார். பிடிப்புக் கிடைத்ததும் மறுபடி மிதிப்பார். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயின் சுவரில் ஒட்டிய பெட்ரோல், கால் எடுத்ததும் ஆவியாகிக் கலவையை மிகுதியாக்கும். மிதித்ததும் சுவர் மீண்டும் நனைய, கலவை ஒரு கணம் குறையும்.

இந்தக் கோட்டை அப்படியே நம்பி, பெட்ரோல் குறைகிறது என்று கூட்டி வைத்தால் என்ன ஆகும்? அடுத்த ஓட்டத்தில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் மந்தமாகும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். அதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. டர்போ பூட்டிய எஞ்சினில், சறுக்கும் ஓட்டத்தின்போது டர்போவுக்கு முழு அழுத்தம் ஏற அவகாசமே கிடைப்பதில்லை. கோடு நல்லபடியாகத் தெரியும். அடுத்த ஓட்டத்தில் டயர் நன்றாகப் பற்றிவிட்டால், முழு அழுத்தத்தில் எஞ்சின் நின்று நிதானமாக உழைக்கும். அந்த இடத்தில் பெட்ரோல் போதாமல் இருந்தால் பிஸ்டனே உருகிப் போகும். சறுக்கிய ஓட்டம் அந்த இடத்தைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. சோதித்ததாக நினைத்ததுதான் தவறு.

ஆகவே அனுபவசாலிகள் கலவைக் கோட்டை மட்டும் பார்ப்பதில்லை. எஞ்சின் சுழற்சி, சக்கரங்களின் வேகம், காற்றழுத்தம், தீப்பொறி தடைப்பட்ட நேரம் இவை எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றிய பகுதிக்கு மதிப்புக் கொடுக்காமல் ஒதுக்குவார்கள். புகை வந்துசேரும் தாமதத்தைக் கணக்கிட்டுக் கோட்டைப் பின்னுக்கு நகர்த்துவார்கள். டயர் பற்றி, வண்டி பாரத்தோடு இழுத்த பகுதியை வைத்துத்தான் பெட்ரோலைக் கூட்டுவதோ குறைப்பதோ.

கருவி பொய் சொல்வதில்லை. தன்னைத் தொட்ட புகையில் பிராணவாயு எவ்வளவு என்ற ஒரே கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. சமநிலை குலைந்த நேரத்தில் அந்தப் பதிலை வேறு கேள்விக்குப் பொருத்திப் பார்ப்பது மனிதன் செய்யும் பிழை. ஹாம்பர்க் சபையில் இன்னொருவரின் எண்களை நிறுத்திப் பார்த்த நெர்ன்ஸ்ட் இன்றைய கொட்டகையில் இருந்தால், பெட்ரோல் திருகில் கை வைக்குமுன் சக்கரம் சறுக்கியதா என்றுதான் விசாரித்திருப்பார்.

அவருடைய சாம்பல் பின்னாளில் கெட்டிங்கனுக்கு வந்து சேர்ந்தது. நகர மயானத்தில் பிளாங்க், ஹான், லாவே, பார்ன் முதலியவர்களின் கல்லறைகளும் அங்கேதான் இருக்கின்றன. மயானத்துக்கு வெளியே ஓடும் பெட்ரோல் கார்களின் புகைக் குழாய்களிலும், இட்ரியா கலந்த ஸிர்க்கோனியாத் துண்டு ஒன்று சூடேறி, பிராணவாயுவை எண்ணிக்கொண்டே போகிறது.